துணி ரூஃப் மினி: வாட்டர் வாஷ், போர் தண்ணி, வெள்ளைத் திட்டு

அடையார்_மினி:
மினி கன்வெர்டிபிள் (கூரை மடியும் கார்), எஃப்57 மாடல், கருப்புத் துணி ரூஃப். தினமும் காலையில் வாட்ச்மேன் ஒரே ஈரத்துணியால் வண்டி முழுக்கத் துடைப்பார். வாரம் ஒரு தடவை வெளியில் வாட்டர் வாஷ். வீட்டில் வருவது போர் தண்ணி. இப்போ ரூஃபில் மூணு பிரச்னை: மடிப்பு வரும் இடத்தில் சாம்பல் நிறத்தில் வெள்ளைத் திட்டு, முன்பக்கம் காக்கா எச்சக் கறை, மழை பெய்தால் தண்ணீர் உருண்டு ஓடாமல் துணி ஊறிப் போகிறது. வீட்டிலேயே எப்படிக் கழுவுவது? பிரஷர் கன் அடிக்கலாமா?

நுரைமன்னன்:
முதலில் வாட்ச்மேனிடம் ரூஃபைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பானெட்டில் இருந்த மண்ணும் சக்கரத்துக் கரியும் அந்த ஒரே துணி வழியாகத்தான் ரூஃபுக்குள் போகிறது. பெயின்டில் மண் மேலே நிற்கும். துணியில் நெசவுக்குள் இறங்கிவிடும், ஒவ்வொரு முறை ரூஃப் மடியும்போதும் உப்புத்தாள் மாதிரி நூலை அறுக்கும். மடிப்பில் நிறம் வெளுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வெயில் ஏறுமுன், நிழலில் ஆரம்பியுங்கள். ரூஃப் மூடி, கண்ணாடி எல்லாம் ஏற்றியிருக்க வேண்டும். உலர்ந்த நிலையிலேயே வாக்குவம் கிளீனரில் பிரஷ் முனை மாட்டி ஒரு சுற்று இழுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். தூசியோடு தண்ணீர் ஊற்றினால் அது சேறுதான்.

பிறகு சாதாரண ஹோஸில் நன்றாக நனையுங்கள். எச்சம் இருக்கும் இடத்தில் ஈரத்துணியைப் போட்டு பத்து நிமிஷம் ஊறவிடுங்கள், தானாக இளகும். நகத்தாலோ ஸ்க்ரேப்பராலோ சுரண்டினால் கறையோடு நூலும் வரும்.

ஷாம்பு: வாக்ஸ் கலக்காத, பிஎச் நியூட்ரல் (அமிலமும் காரமும் இல்லாத) கார் ஷாம்பு, 5 லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி. குதிரை முடி பிரஷ் அல்லது துணி துவைக்கும் பிரஷை விட மென்மையான நைலான் பிரஷ். ரூஃபை நாலு பகுதியாகப் பிரித்து, முன்னிருந்து பின்னாக ஒரே திசையில் தேயுங்கள். வட்டமாகத் தேய்த்தால் பஞ்சு எழும்பும், அது திரும்பப் படியாது. ஒரு பகுதியில் ஷாம்பு காயுமுன் அலசிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

அலசுவதுதான் அதிக நேரம் பிடிக்கும். உள்ளங்கையால் துணியை அழுத்திப் பாருங்கள். நுரை வந்தால் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். மிஞ்சிய ஷாம்பு அழுக்கை இழுக்கும், பிறகு அடிக்கும் ப்ரொடெக்டரையும் (நீர்விரட்டும் பூச்சு) ஒட்டவிடாது. கதவு, பானெட்டில் வழிந்த நுரையையும் அப்போதே அலசுங்கள். பாடியைக் கழுவுவது ரூஃபுக்குப் பிறகுதான்.

கிண்டிகாரர்:
டர்க்கி டவலால் துடைக்காதீர்கள், கருப்புத் துணியில் வெள்ளைப் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். மைக்ரோஃபைபரால் ஒத்தி எடுங்கள். ஈர வாக்குவம் இருந்தால் இன்னும் நல்லது.

இன்னொன்று: கழுவி முடித்த கையோடு கதவைத் திறக்காதீர்கள். ஃப்ரேம் இல்லாத கதவு என்பதால் திறக்கும்போது கண்ணாடி கொஞ்சம் கீழே இறங்கும், ரூஃப் விளிம்பில் நிற்கும் தண்ணீர் நேராக சீட்டில் சொட்டும். விளிம்பை ஒத்தி எடுத்துவிட்டுத் திறங்கள்.

ஈரம் இருக்கும்போது ரூஃபை மடிக்கவே கூடாது. 18 செகண்டில் மடிந்துவிடும்தான், ஆனால் மூடிய குழிக்குள் ஈரத்துணி ஒரு நாள் கிடந்தால் பூஞ்சைப் புள்ளி விழும், அது போவது கஷ்டம். காற்றோட்டமான நிழலில் நாலைந்து மணி நேரம், ஐப்பசி கார்த்திகை மழையில் ஒரு முழு நாள்.

பிரஷர் கன் பற்றி: விசிறி முனை போட்டு 2 அடி தள்ளி அடிக்கலாம். பின் கண்ணாடி ஓரம், தையல், பீடிங் (ஓரத்து ரப்பர் பட்டை) பக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். ஊசி முனையில் அடித்தால் தையல் வழியாகத் தண்ணீர் உள்ளே புகும்.

அடையார்_மினி:
நன்றி சார். தண்ணீர் ஊறுவதால் லீக் ஆகுமா? வெள்ளைத் திட்டுக்கு வினிகர் போடலாமா?

பீடிங்பாய்:
ஊறினாலும் உடனே லீக் ஆகாது. துணிக்கும் உள் லைனிங்குக்கும் நடுவில் ரப்பர் அடுக்கு இருக்கும், தண்ணீரைத் தடுப்பது அதுதான். மேல் துணியில் இருந்த நீர்விரட்டும் பூச்சு போய்விட்டதால்தான் ஊறுகிறது. அழுக்கும் பாசியும் அங்கே தங்கும். உள்ளே தண்ணீர் சொட்டினால் பீடிங், தையல், வடிகால் மூன்றையும் பாருங்கள்.

ரூஃப் மடிந்து உட்காரும் பள்ளத்தின் ஓரங்களில் வேப்பிலை, தூசி சேர்ந்து வடிகால் அடைக்கும். அரை டம்ளர் தண்ணீர் ஊற்றினால் வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். அடைத்திருந்தால் கம்பி விடாதீர்கள், குழாய் கிழியும் அல்லது இணைப்பிலிருந்து கழன்றுவிடும். புல் வெட்டும் மெஷினின் நைலான் இழையை மெதுவாக விடுங்கள்.

வெள்ளைத் திட்டு பெரும்பாலும் போர் தண்ணீரின் சுண்ணாம்பு உப்பு. துணியில் நின்று காய்வதால் மேலே படிகிறது. ஒரு பங்கு வெள்ளை வினிகர், ஐந்து பங்கு தண்ணீர். முதலில் கண்ணில் படாத ஓரத்தில் சோதித்து, நிறம் மாறவில்லை என்றால் திட்டில் தெளித்து இரண்டு நிமிஷம் விட்டு, பிரஷால் லேசாகத் தொட்டு அலசுங்கள். பாத்ரூம் ஆசிட் பக்கம் போகாதீர்கள். கடைசி அலசலை மெட்ரோ வாட்டரில் அல்லது ஆர்ஓ தண்ணீரில் செய்யுங்கள், ஒரு வாளி போதும். ஆர்ஓவின் கழிவுத் தண்ணீர் வேண்டாம், அதில் உப்பு இன்னும் அதிகம். காய்ந்த பிறகும் மடிப்பில் வெளுப்பு நின்றால் அது உப்பில்லை, நூல் தேய்ந்தது. வினிகர் அதற்கு உதவாது.

நுரைமன்னன்:
வினிகருக்குப் பிறகு பூச்சு போட வேண்டும், அதுதான் தண்ணீர் உருளச் செய்யும். துணி ரூஃபுக்கென்று விற்கும் ஃபேப்ரிக் கார்டு (துணிக் காப்பு ஸ்ப்ரே) வாங்குங்கள். வினைல் ரூஃபுக்கான டிரெஸ்ஸிங் துணியைப் பிசுபிசுப்பாக்கிவிடும். ரூஃப் முழுசாகக் காய்ந்திருக்க வேண்டும். கண்ணாடி, பெயின்ட் ஓரத்தை பிளாஸ்டிக் ஷீட்டும் மாஸ்கிங் டேப்பும் போட்டு மூடுங்கள், சிதறிய துளி கண்ணாடியில் காய்ந்தால் தேய்த்து எடுப்பது தலைவலி. காற்று அடிக்காத இடத்தில் லேசாக இரண்டு கோட், இரண்டுக்கும் இடையில் காய விடுங்கள். பிறகு 24 மணி நேரம் மழையும் வேண்டாம், மடிப்பும் வேண்டாம். அடுத்த நாள் ஒரு கை தண்ணீர் தெளித்துப் பாருங்கள். எங்கே துணி கறுத்து ஊறுகிறதோ அங்கே மட்டும் இன்னொரு கோட்.

கிண்டிகாரர்:
வாட்டர் வாஷ் கொடுத்தால் அடியில் டீசல் ஸ்ப்ரே வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். டீசல் பட்டால் ரப்பர் பீடிங் உப்பும். பீடிங்குக்கு சிலிக்கான் கிரீஸ் விரலில் பட்டாணி அளவு எடுத்து மெல்லிசாகத் தடவினால் போதும், மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தூசி பிடிக்கும்.