தராசிலிருந்து எடைக்குப் பதிலாகக் குப்பை எழுத்து வருகிறது, உதவுங்கள்

அல்சூர்க்காரன்:
பெங்களூரு அல்சூரில் மாமாவுக்கு அரிசி மண்டி. எலக்ட்ரானிக் தராசின் பின்னால் ஒன்பது பின் போர்ட் ஒன்று சும்மா கிடந்தது. எடை தானாகப் பதிவாகட்டுமே என்று அதன் 2ஆம் பின்னை ஈஎஸ்பி32 என்ற, புரோகிராம் எழுதக்கூடிய குட்டி கம்ப்யூட்டர் போர்டின் 16ஆம் பின்னுக்கும், 5ஐ கிரவுண்டுக்கும் நேராக இழுத்துவிட்டேன். திரையில் கேள்விக்குறியும் கட்டமுமாகக் கொட்டுகிறது. தகவல் வரும் வேகத்தை 4800, 9600, 19200 என்று எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. "கல்லுத் தராசே தேவலாம்டா" என்கிறார் மாமா.

பழைய சர்வீஸ்காரன்:
வேகத்தை விடுங்க தம்பி. முதலில் போர்டைக் கழற்றுங்கள். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, தராசு எதுவும் அனுப்பாதபோது 2க்கும் 5க்கும் நடுவே அளந்து சொல்லுங்கள்.

அல்சூர்க்காரன்:
மைனஸ் 8.4 அண்ணா. ஒயரை மாற்றி வைத்துவிட்டேனோ என்று மறுபடியும் பார்த்தேன், அதேதான்.

பழைய சர்வீஸ்காரன்:
அப்போது அது ஆர்எஸ்-232, ஒயரில் தகவல் அனுப்பும் பழைய முறை. அதில் 1 என்றால் மைனஸ் 3 முதல் மைனஸ் 15 வோல்ட் வரை, 0 என்றால் பிளஸ் 3 முதல் பிளஸ் 15 வோல்ட் வரை. உங்கள் போர்டில் 1 என்பது 3.3, 0 என்பது பூஜ்யம். எல்லாம் தலைகீழாகப் போகிறது. எந்த வேகம் வைத்தாலும் குப்பைதான். சும்மா இருக்கும்போது மைனஸ் காட்டுவதால் தராசு பேசுவது 2இல்தான், அது சரி. எலக்ட்ரானிக் சாமான் விற்கும் எஸ்.பி. ரோட்டில், இந்த வோல்ட்டைப் போர்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் மேக்ஸ்3232 மாட்யூல் வாங்கி, நடுவில் போட்டு 3.3 வோல்ட் கொடுங்கள். கடைக்காரர் மேக்ஸ்232ஐ நீட்டினால் வேண்டாம், அது 5 வோல்ட் சாதி. ஈஎஸ்பி பின் 3.6 வோல்ட்டுக்கு மேல் தாங்காது.

சிவாஜிநகர் வாசி:
வோல்ட்டைக் குறைக்க 1கே, 2கே என்று இரண்டு ரெசிஸ்டர் போட்டால் போதாதா?

பழைய சர்வீஸ்காரன்:
5ஐ 3.3 ஆக்க அது போதும். மைனஸை அது பிளஸ் ஆக்காது!

அல்சூர்க்காரன்:
மாட்யூல் போட்டேன். இப்போது குப்பைகூட வரவில்லை.

பழைய சர்வீஸ்காரன்:
நேராகக் கொடுத்ததில் போர்டின் 16ஆம் பின் கெட்டுப்போயிருக்கலாம். புரோகிராமில் ஆர்எக்ஸை, அதாவது தகவல் வாங்கும் பின்னை, 27க்கு மாற்றி, ஒயரையும் மாற்றுங்கள்.

அல்சூர்க்காரன்:
வந்துவிட்டது! 9600 வேகத்தில் 25.08 கிலோ. மாமா மூட்டையைச் சுற்றிவந்து, "சாக்கோட சேத்துதானே?" என்று கேட்டார்.