மைக்கேல், ஜேசன், ஃப்ரெடி: இந்தத் திகில் பட வில்லன்களில் நீங்கள் முதலில் மாட்டிக்கொண்டது யாரிடம்?

டெக் வாடகை:

எனக்கு 1989 கோடை விடுமுறை. பெரியப்பா வீட்டில் காதுகுத்து முடிந்த ராத்திரி. டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து மூன்று கேசட் வாங்கி வந்திருந்தார்கள். இரண்டு தமிழ்ப் படம். மூன்றாவதைக் கடைக்காரர் "சண்டைப் படம், நல்லா இருக்கும்" என்று சொல்லித் தலையில் கட்டிவிட்டார். அதைப் போடும்போது மணி ஒன்றரை. பெரியவர்கள் எல்லாரும் தூங்கியாச்சு, பாயில் நாங்கள் ஏழு பேர். அது ஜான் கார்பென்டர் 1978-இல் எடுத்த 'ஹாலோவீன்' என்பதெல்லாம் கல்லூரிக்குப் போன பிறகு தெரிந்துகொண்டது.

ஆங்கிலம் ஒருவருக்கும் புரியவில்லை. அது குறையாகவே தெரியவில்லை, ஏனென்றால் பயமுறுத்துகிறவன் வாயைத் திறப்பதே இல்லை. ஓடுவதும் இல்லை. சாப்பிட்டுவிட்டுக் காற்று வாங்கக் கிளம்பியவன் மாதிரி நடந்து வருகிறான். கொடியில் காயும் துணிகளுக்கு நடுவே நிற்கிறான், திரும்பப் பார்த்தால் துணி மட்டும் ஆடுகிறது.

சமையலறையில் ஒரு பையனைத் தூக்கிச் சுவரோடு வைத்துக் கத்தியை இறக்குகிறான். பையன் கால் தரையில் படாமல் அப்படியே தொங்குகிறான். அதுவரை சித்தப்பா மகன் ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு கிண்டல் அடித்துக்கொண்டிருந்தான். குத்தியவன் அங்கிருந்து போகவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்க்கிறான், அப்புறம் மறுபக்கம். சுவரில் மாட்டிய படம் கோணலாக இருக்கிறதா என்று பார்ப்போமே, அதே பார்வை. கிண்டல் அங்கேயே நின்றது.

கடைசியில் டாக்டர் சுடுகிறார், மைக்கேல் (அந்தக் கொலைகாரனின் பெயர்) மாடியிலிருந்து விழுகிறான், எட்டிப் பார்த்தால் கீழே ஆள் இல்லை. அதற்கப்புறம் வெறும் இடங்களாகக் காட்டுகிறார்கள். மாடிப்படி, கூடம், இருட்டில் வீடுகள். கூடவே மூச்சுச் சத்தம். படம் முடிந்தது, டிவியை அணைத்தோம், மூச்சுச் சத்தம் மட்டும் நிற்கவில்லை. திண்ணையில் படுத்திருந்த பெரியப்பாவின் குறட்டை அது என்று உறைக்க அரை நிமிடம் ஆனது. அந்த அரை நிமிடத்தில் ஏழு பேரும் ஒரே போர்வைக்குள் இருந்தோம்.

பிறகு படித்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. மைக்கேல் போட்டிருக்கும் அந்த வெள்ளை முகமூடி 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் வரும் கேப்டன் கிர்க்கின் முகமூடியாம், அதாவது நடிகர் வில்லியம் ஷாட்னரின் முகம். கடையில் இரண்டு டாலருக்கும் குறைவாகக் கிடைத்ததை வாங்கி, வெள்ளை அடித்து, கண் ஓட்டையைப் பெரிதாக்கி, முடியைக் கலைத்துவிட்டார்கள். மொத்தப் படமும் சுமார் மூன்று லட்சம் டாலரில் முடிந்தது. இசையும் கார்பென்டரே. ஐந்து எண்ணிக்கைத் தாளம், நம் ஊரில் கண்டம் என்போமே அதுதான். நாலில் முடியும் என்று காது காத்திருக்கும், முடியாது.

என் கணக்கில் மைக்கேலுக்கு மேல் ஆள் கிடையாது. உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

மூணாவது ஷோ:

அண்ணே, குறட்டைக்கு ஒரு கும்பிடு. நான் ஜேசன் கட்சி. ஆனால் அவனால் எனக்கு முதலில் கிடைத்தது பயம் இல்லை, நஷ்டம்.

ஹாஸ்டலில் ஒருநாள் பந்தயம். 'ஃப்ரைடே தி தேர்ட்டீன்த்' முதல் பாகத்தில் கொலை செய்வது யார்? ஜேசன்தான் என்று அடித்துச் சொன்னேன். முதல் பாகம் உட்பட எல்லாப் பாகமும் பார்த்தவன் நான். தோற்றுப்போனேன். 1980-இல் வந்த முதல் படத்தில் கொலைகாரி ஜேசனின் அம்மா, பமீலா வூர்ஹீஸ். நடித்தவர் பெட்ஸி பால்மர், புதுக் கார் வாங்கப் பணம் வேண்டும் என்றுதான் ஒப்புக்கொண்டேன் என்று பின்னாளில் அவரே சொல்லிச் சிரித்தவர். கடைசியில் ஏரிக்குள்ளிருந்து பையன் ஜேசன் பாய்வானே, அந்த ஒரு நொடி மனதில் ஒட்டிக்கொண்டு மற்றதை எல்லாம் அழித்துவிட்டது. ஆறு பேருக்கு புரோட்டாவும் சால்னாவும் என் செலவு.

1996-இல் வந்த 'ஸ்க்ரீம்' படத்தைப் பார்த்தபோதுதான் நிம்மதி. முதல் காட்சியிலேயே போனில் ஒருவன் அந்தப் பெண்ணிடம் இதே கேள்வியைக் கேட்கிறான். அவளும் ஜேசன் என்கிறாள். அவளுக்குப் போனது காதலன் உயிர், எனக்குப் புரோட்டா.

உண்மையைச் சொன்னால் ஜேசன் ஒரு ஆளே இல்லை, தவணை முறையில் சேர்ந்த பொருள். இரண்டாம் பாகத்தில் (1981) தலையில் சாக்குத் துணி. நாம் எல்லாரும் வரைந்து காட்டும் ஹாக்கி முகமூடி 1982-இல், மூன்றாம் பாகத்தில்தான் வந்தது. உள்ளே இருக்கும் நடிகர் மாறிக்கொண்டே இருப்பார். கேன் ஹாடர் மட்டும் நாலு படம் தாக்குப்பிடித்தார். எட்டாம் பாகத்தின் பெயரில் மன்ஹாட்டன் இருக்கிறது, பாதிக்கு மேல் கப்பலில் ஓடுகிறது, எடுத்ததும் பெரும்பாலும் கனடாவின் வான்கூவரில். அப்புறம் விண்வெளிக்கே அனுப்பிவிட்டார்கள். இவ்வளவையும் தெரிந்துகொண்டு ஒவ்வொன்றையும் பார்த்தேன். குலதெய்வத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை.

ஒன்றே ஒன்று இன்றைக்கும் உதறல் எடுக்கும். "கி கி கி... மா மா மா" என்று பின்னணியில் வரும் கிசுகிசுப்பு. இசையமைப்பாளர் ஹாரி மான்ஃப்ரெடினி அந்த இரண்டு அசைகளைத் தானே மைக்கில் சொல்லி எதிரொலிக்க விட்டார். 'கொல்லு, அம்மா' என்பதன் ஆங்கிலத் துண்டுகள் அவை. விடை காதிலேயே விழுந்துகொண்டிருந்தது, நான்தான் பந்தயம் கட்டினேன்.

தூக்கம் வராதவள்:

உங்கள் இரண்டு பேரிடமிருந்தும் தப்பிக்க வழி இருக்கிறது. மைக்கேலின் ஊரான ஹாடன்ஃபீல்டு பக்கம் போகாதே, ஜேசனின் ஏரிக்கரை முகாமில் சேராதே, முடிந்தது. கனவில் வந்து கொல்கிற ஃப்ரெடியிடம் என்ன செய்வீர்கள்? தூங்காமல் இருப்பீர்களா?

பிளஸ் டூ பரீட்சைக்கு ராத்திரி படிக்கிறேன் என்று உட்கார்ந்து, கேபிளில் சத்தத்தைக் குறைத்துவைத்து 'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்' பார்த்தேன். கதாநாயகி நான்சி கட்டிலுக்குப் பக்கத்தில் காபி மெஷினை ஒளித்து வைத்துக்கொண்டு கண் விழிக்கிறாள். என் மடியில் அம்மா போட்டுவைத்த பிளாஸ்க். அவள் மாடிப்படி ஏறி ஓடும்போது படி பசை மாதிரி உள்வாங்கி அவள் காலை இழுக்கிறது. கனவில் ஓட முடியாமல் போவது அப்படியேதான் இருக்கும். அதைப் படமாக யாரும் காட்டி நான் அதுவரை பார்த்ததில்லை.

குளியல் தொட்டியில் கண் அசந்துவிடுகிறாள். முழங்கால்களுக்கு நடுவே தண்ணீரிலிருந்து ஃப்ரெடி கையுறையின் கத்தி விரல்கள் மெதுவாக மேலே வருகின்றன. எங்கள் வீட்டில் தொட்டி கிடையாது, வாளியும் சொம்பும்தான். அதையும் ஒரு வாரம் கதவைத் திறந்துவைத்துக் குளித்தேன். அப்பா திட்டினார், காரணம் சொல்ல முடியவில்லை.

இதில் பயங்கரம் என்னவென்றால், கதையின் விதை நிஜம். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்கு அகதிகளாக வந்தவர்களில் சிலர், நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தவர்கள், தூக்கத்திலேயே இறந்துபோனதாகச் செய்தித்தாளில் வந்தது. இயக்குநர் வெஸ் கிரேவன் அதைப் படித்துத்தான் 1984-இல் இந்தப் படத்தை எடுத்தார். அந்த சிவப்பு, பச்சைப் பட்டை ஸ்வெட்டர் கூட யோசித்துச் செய்தது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு ஒத்துக்கொள்ளாத நிறங்கள் அவை என்று எங்கோ படித்திருந்தாராம்.

ராபர்ட் இங்லண்ட் அந்த வேஷத்தை எட்டுப் படங்களில் போட்டார். அதனால்தான் ஃப்ரெடிக்கு ஒரு நடை இருக்கிறது, ஒரு தோள் சாய்வு இருக்கிறது. முகமூடி மாட்டிய உங்கள் ஆட்களுக்கு அது வாய்க்கவில்லை. 2010-இல் வேறு நடிகரை வைத்து மறுபடி எடுத்தார்கள். நல்ல நடிகர்தான், ஆனால் தொப்பியைக் கடன் வாங்கி வந்தவர் மாதிரி இருந்தார்.

பரண் மேல்:

கொலைகாரப் பொம்மை சக்கியை ஒருவரும் சொல்லவில்லையே. 'சைல்ட்ஸ் ப்ளே' பார்த்த மறுநாள் தங்கச்சியின் நடக்கும் பொம்மையிலிருந்து பேட்டரியைக் கழற்றினேன். படத்தில் அந்த அம்மா பேட்டரியே போடாத பொம்மை இத்தனை நாளாகப் பேசியிருக்கிறது என்று கண்டுபிடிக்கும் காட்சி அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. உடனே பரண். இன்னும் அங்கேதான் இருக்கும்.

பசடீனா பக்கம்:

பத்து வருஷமாகக் கலிஃபோர்னியாவில் இருக்கிறேன். மைக்கேல் வீட்டை நேரில் பார்த்தவன் என்ற உரிமையில் ஒரு வார்த்தை.

கதை இலினாய் மாநிலத்தில் நடக்கிறது, படம் எடுத்தது இங்கே, தெற்கு பசடீனாவிலும் ஹாலிவுட்டிலும். கதையில் இலையுதிர் காலம், படப்பிடிப்பு நடந்தது வசந்தத்தில். காகித இலைக்குச் சாயம் அடித்துத் தெருவில் கொட்டி, காட்சி முடிந்ததும் கூட்டி அள்ளி, அடுத்த தெருவில் கொட்டினார்கள். கூர்ந்து பார்த்தால் சில காட்சிகளின் ஓரத்தில் பனைவகை மரம் நிற்கும். இலினாயில் ஏது அந்த மரம்?

அந்த வீட்டை இடிக்கப்போன சமயத்தில் அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து ரயில் பாதை ஓரமாக வைத்துவிட்டார்கள். நான் போனது ஒரு சனிக்கிழமை மத்தியானம். படத்தில் பார்த்த பாழடைந்த வீடு இல்லை, பெயிண்ட் அடித்த, சுத்தமான அலுவலகக் கட்டடம். எதிரே மாமி ஒருவர் நாயோடு போனார். ரயில் மணி அடித்தது. எனக்குத் துளி பயம் வரவில்லை, ஏமாற்றமாகக் கூட இருந்தது.

திரும்பி வரும் வழியில் யோசித்தேன். 'ஹாலோவீன்' இரண்டாம் பாகம் (1981) எனக்குச் செய்ததும் இதைத்தான். ஏன் அந்தப் பெண்ணைத் துரத்துகிறான்? அவள் அவனுடைய தங்கையாம். காரணம் கிடைத்ததும் குடும்பச் சண்டை ஆகிவிட்டது. 2018-இல், அந்தப் பெண்ணாக நடித்த ஜேமி லீ கர்டிஸை அழைத்துவந்து எடுத்த படம் அந்த உறவையே தூக்கிப் போட்டது சரியான முடிவு. ஃப்ரெடிக்கும் அதே கதிதான், அக்கா. நாலாம் பாகத்துக்குள் அவன் பஞ்ச் டயலாக் பேசும் ஹீரோ ஆகிவிட்டான்.

தூக்கம் வராதவள்:

தம்பி, அந்த ஜோக் அடிக்கும் ஃப்ரெடி வந்த பிறகுதான் நான் கதவைச் சாத்திக் குளித்தேன். அவரைக் குறை சொல்லாதீர்கள்.

மார்னிங் ஷோ:

வயதில் மூத்தவன் என்பதால் நடுவில் வருகிறேன், தம்பிகளா. வாய் திறக்காத வில்லனை மைக்கேல் கண்டுபிடித்தான் என்கிற தொனி தெரிகிறது. சென்னையில் ஆங்கிலப் படம் மார்னிங் ஷோ ஓடிய காலத்தில் கிறிஸ்டோபர் லீயை டிராகுலாவாகப் பார்த்தவன் நான். அவருடைய 1966 படத்தில் டிராகுலாவுக்கு ஒரு வரி வசனம் கிடையாது, சீறல் மட்டும்தான். அதற்கும் முன்னால் 1931-இல் 'ஃப்ராங்கன்ஸ்டைன்' படத்தில் போரிஸ் கார்லாஃப். விஞ்ஞானி ஃப்ராங்கன்ஸ்டைன் உருவாக்கிய அந்த உருவம் கூரையிலிருந்து விழும் வெளிச்சத்தைப் பார்த்து இரண்டு கையையும் மேலே நீட்டுமே, எனக்கு அங்கே பயம் வரவில்லை, தொண்டை அடைத்தது. உங்கள் மூன்று வில்லன்களுக்காக யாராவது தொண்டை அடைத்திருக்கிறீர்களா?

படம் விட்டு வெளியே வந்தால் உச்சி வெயில். டிராகுலா படத்துக்கு அது பெரிய பாதுகாப்பு.

மூணாவது ஷோ:

ஐயா, ஜேசனுக்காக நான் அழுதிருக்கிறேன். புரோட்டாக் கடை பில்லைப் பார்த்து.

கேசட் கடைப் பையன்:

டெக் வாடகை அண்ணே, "சண்டைப் படம்" என்று கொடுத்தது நாங்கள் இல்லை, ஆனால் நானும் அப்படித்தான் கொடுத்திருப்பேன். வந்த கேசட்டைப் போட்டுப் பார்த்துப் பெயர் எழுதி ஒட்டுவது கடையில் என் வேலை. ஒரு மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஒன்றைப் போட்டேன். டோபி ஹூப்பரின் 'டெக்சஸ் செயின் சா மாசக்கர்', 1974. நல்ல வெயில், ஒரு வெள்ளை வீடு, ஒரு பையன் பெட்ரோல் கேட்டுக் கதவைத் தட்டுகிறான். பதில் இல்லை. உள்ளே போகிறான். கூடத்தின் கோடியில் சிவப்புச் சுவரில் மண்டை ஓடுகள். கால் தடுக்குகிறது. குண்டான ஒரு உருவம், முகத்தில் மனிதத் தோல் முகமூடி, கசாப்புக் கடை ஏப்ரன், வந்து நிற்கிறது. தலையில் சுத்தியால் ஒரே அடி. பையன் கால் வெட்டி வெட்டி இழுக்கிறது. அவனை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு ஒரு இரும்புக் கதவை வேகமாக இழுத்துச் சாத்துகிறான். டமார்.

இசை கிடையாது, முன்னறிவிப்பு கிடையாது. வந்தான், வேலையை முடித்தான், கதவைச் சாத்தினான். எனக்கு எங்கள் கடை ஷட்டர் விழுந்த மாதிரி இருந்தது. டெக்கை நிறுத்தி, கேசட்டை எடுத்து, பெயர் எழுதாமலேயே அலமாரிக்குப் பின்னால் செருகினேன். வாடகைக்கு யார் கேட்டாலும் ரீல் அறுந்துவிட்டது என்பேன்.

அந்த உருவமாக நடித்த கன்னர் ஹான்சன் ஐஸ்லாந்தில் பிறந்தவர் என்பதும், படப்பிடிப்பு முழுக்க ஒரே சட்டையைத் துவைக்காமல் போட்டிருந்தார் என்பதும் தெரியும். படத்தில் ரத்தம் அவ்வளவாகக் காட்டுவதில்லை என்றும் படித்தேன். அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன என்று இன்றுவரை பார்க்கவில்லை. பார்த்தவர்கள் இங்கே எழுத வேண்டாம், புண்ணியமாகப் போகும்.