குழந்தைகளுக்கான சன்ஸ்கிரீன்: விடுமுறையில் உங்களுக்கு நேர்ந்தது என்ன?

நெய்தல்மகள், சென்னை:

ஹேவ்லாக் தீவுக்குப் போவதென்று முடிவானதும், குழந்தைகளுக்கென்று ஒரு சன்ஸ்கிரீன் வேண்டும் என எங்கள் பகுதியில் உள்ள மருந்துக்கடை ஒன்றில் கேட்டேன். கடைக்காரர் குழந்தைப் படம் போட்ட ஒரு டியூபை எடுத்து வைத்து, அதில் போட்டிருந்த எஸ்.பி.எஃப். என்ற வெயில் காப்பு எண்ணைக் காட்டி, "இது ஐம்பது மேடம், காலையில ஒரு தடவை பூசிட்டா சாயங்காலம் வரைக்கும் கவலையில்லை" என்றார். ராதாநகர் கடற்கரையில் முதல் பெரிய அலை என் மகளின் தலைக்கு மேல் எழுந்து இறங்கியபோது, நெற்றியில் இருந்த கிரீம் முழுவதும் கண்ணுக்குள் வழிந்தது. அவள் அழவில்லை. இரண்டு கைகளையும் இறுக மூடிக் கண்களில் அழுத்திக்கொண்டு, முழங்காலில் அலை மோதிக்கொண்டே இருக்க, கரைக்கும் வராமல் கடலுக்குள்ளும் போகாமல் அப்படியே நின்றாள். மறுநாள் காலையில் நான் அந்த டியூபைப் பையிலிருந்து எடுத்ததுமே குளியலறைக்குள் ஓடித் தாழிட்டுக்கொண்டாள்.

கண்ணெரிச்சலைவிட என்னை அதிகம் உறுத்துவது அந்தக் கடைக்காரரின் பேச்சுத்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், நீரிலிருந்து ஏறித் துவட்டிய பிறகும் மறுபடி பூச வேண்டும் என்று அதே டியூபின் பின்புறத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. விற்பவரே அதற்கு நேர்மாறாகச் சொன்னால் வாங்குபவர் யாரை நம்புவது? கண்ணில் எரியாத, பிள்ளைகள் மறுபடி மறுபடி பூசவிடுகிற வகை எது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

யாரா நதிக்கரை, மெல்பர்ன்:

தஞ்சாவூரிலிருந்து என் அம்மா வந்திருந்தபோது கோல்ட் கோஸ்டுக்குப் போயிருந்தோம். வானம் மூட்டமாக இருந்தது, காற்றும் குளிர்ந்து வீசியது. "வெயிலே காணோமே, எதுக்குப்பா பிள்ளைக்கு இந்தப் பூச்சு?" என்று அம்மா கேட்டார். என் ஆறு வயது மகள் கைபேசியை வாங்கி வெயிலில் தோலைச் சுடும் கதிரின் கடுமையைச் சொல்லும் எண்ணான அன்றைய புற ஊதாக் குறியீட்டைக் காட்டி, "பதினொண்ணு இருக்கு அப்பாயி, நீங்களும் தொப்பி போடணும்" என்று தன் தொப்பியைக் கழற்றி அவருடைய கொண்டையின் மேல் கவிழ்த்துவிட்டாள். இங்கே பல பள்ளிகளில் வெயில் கடுமையான மாதங்களில் தொப்பி கொண்டுவராத பிள்ளை திடலில் விளையாட முடியாது, நிழலில்தான் உட்கார வேண்டும் என்பதால் இது அவளுக்கு இயல்பான பேச்சு. அன்றிரவு அம்மா, "நம்ம ஊர்ல அந்த நம்பர் எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டார். சித்திரை மாத நண்பகலில் தஞ்சாவூரிலும் பதினொன்றைத் தாண்டும். மூன்றைத் தொட்டாலே பாதுகாப்பு வேண்டும் என்று இங்கே சொல்லி வளர்க்கிறார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த எண்ணை யாரும் சொல்லித் தரவில்லையே என்ற எண்ணம் எனக்கு இன்னும் போகவில்லை.

நெய்தல்மகளுக்கு ஒன்று சொல்கிறேன். எந்த எண் என்பதைவிட எவ்வளவு பூசுகிறோம் என்பதே முக்கியம். எஸ்.பி.எஃப். 30 என்பது தோலைச் சிவக்க வைக்கும் யூவி-பி என்ற புற ஊதாக் கதிரில் ஏறத்தாழ 97 விழுக்காட்டையும், 50 என்பது 98 விழுக்காட்டையும் தடுக்கிறது, இடைவெளி அவ்வளவுதான். ஆனால் அந்த எண்ணைச் சோதனையில் கணக்கிடும்போது ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். வீட்டில் நாம் பூசுவது பெரும்பாலும் அதில் பாதிகூட இருக்காது. பெரியவர் ஒருவருக்குக் கை ஒவ்வொன்றுக்கும் ஒரு தேக்கரண்டி, கால் ஒவ்வொன்றுக்கும் ஒன்று, மார்பும் வயிறும் சேர்த்து ஒன்று, முதுகுக்கு ஒன்று, முகம், கழுத்து, காதுகளுக்கு ஒன்று என ஏழு தேக்கரண்டி, அதாவது 35 மில்லி, தேவைப்படும். பிள்ளைகளுக்கு உடலளவுக்குத் தக்கபடி குறையும் என்றாலும், 50 மில்லி டியூப் ஒன்றை வாங்கி ஒரு குடும்பம் ஒரு வாரத்தை ஓட்ட முடியாது. வெயிலில் இறங்குவதற்கு இருபது நிமிடம் முன்பே பூசிவிடுங்கள். எண்ணை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: இங்குள்ள சாய்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு 2025-இல் 20 சன்ஸ்கிரீன்களைச் சோதித்தபோது, அவற்றில் 16 தம் மேலட்டையில் போட்டிருந்த எண்ணை எட்டவில்லை.

மலைப்பாதை, கோயம்புத்தூர்:

கடற்கரையைப் பற்றியே எல்லாரும் எழுதுகிறீர்கள். கொடைக்கானல் ஏரியில் படகுச் சவாரி முடித்து இறங்கியபோது, எங்களோடு வந்த குடும்பத்துப் பையன் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாக இருந்தான்; வெளியே தெரிந்த மூக்கும் கன்னமும் மட்டும் செக்கச்செவேலென்று இருந்தன. குதிரைக்காரர் ஒருவர் அவனைப் பார்த்துவிட்டு, "குளிர்ல வெயில் தெரியாதுங்க, ரெண்டு நாள் கழிச்சு மூக்கு சொல்லும்" என்றார். ஊருக்குத் திரும்பும் வழியிலேயே தோல் உரியத் தொடங்கிவிட்டது. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் பத்து விழுக்காடு கூடுகிறது. கொடைக்கானல் இருப்பதோ இரண்டாயிரம் மீட்டருக்கு மேல். குதிரைக்காரருக்குத் தெரிந்த செய்தியை அறை பதிவுசெய்த விடுதியில் ஒருவரும் சொல்லவில்லை.

தென்காற்று, தூத்துக்குடி:

மெல்பர்ன் நண்பர் சொல்லும் கணக்கு வெள்ளைத் தோலுக்கு ஏற்பட்ட கணக்கு. நம் தோலுக்கு நிறம் தரும் மெலனின் ஓரளவு நம்மைக் காக்கிறது; தோல் புற்றுநோய் நம்மிடையே மிகக் குறைவு என்பதும் உண்மை. ஏழு தேக்கரண்டி என்று கேட்கும்போது, அதை வாங்க முடியாத பெற்றோர் பிள்ளையைக் கடலுக்கே அழைத்துப் போகாமல் இருந்துவிடுவார்களோ என்று கவலையாக இருக்கிறது.

நான் எழுத வந்தது வேறு. தனுஷ்கோடியில் அரிச்சல்முனைக்கு அருகே, ஒதுங்க ஒரு மரம்கூட இல்லாத மணலில், நண்பகலில் ஓர் இளம் தாய் நான்கு மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழந்தைக்குத் தலை முதல் கால் வரை விபூதி பூசியது போல வெள்ளையாகச் சன்ஸ்கிரீன் அப்பியிருந்தது. தலையில் ஒரு துணிகூட இல்லை. வேர்வை அந்தப் பூச்சின் மேல் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. "ஏம்மா, முந்தானையால மூடக் கூடாதா?" என்று என் மனைவி கேட்டதற்கு, "க்ரீம் போட்டிருக்கேங்க, கறுக்காது" என்று பதில் வந்தது. குழந்தை கறுத்துவிடக்கூடாது என்ற அச்சத்தை வைத்து விற்கிறார்கள், அந்த அச்சத்தோடுதான் வாங்குகிறோம். அந்தத் தாயிடம் எனக்குக் கோபமில்லை. அவரை அப்படிச் சொல்ல வைத்த விளம்பரங்கள் மீதுதான் கோபம். பெண் பிள்ளைகளை "கறுத்துடுவே" என்று சொல்லி விளையாட்டிலிருந்து கூப்பிடுகிற வீடுகளையும் இதே தெருவில் பார்க்கிறேன்.

மதுரைச் செவிலி:

தோல் பிரிவில் பணிபுரிகிறேன். தென்காற்று ஐயா, அந்தக் குழந்தையைப் பற்றி நீங்கள் கவலைப்பட்டது முற்றிலும் சரி. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குச் சன்ஸ்கிரீன் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. நிழலும் மெல்லிய பருத்தி ஆடையும் தொப்பியுமே வழி. நிழலிலும் முழுப் பாதுகாப்பு உண்டு என்று எண்ண வேண்டாம். உலர்ந்த கடல் மணல் சுமார் 15 விழுக்காடும் அலை நுரை 25 விழுக்காடும் புற ஊதாக் கதிரைத் திருப்பி அனுப்புகின்றன. ஆனால் நம் தோலுக்கு இது தேவையே இல்லை என்ற கருத்தை நான் ஏற்கமாட்டேன். மெலனின் இருந்தும் எரிந்து, கொப்பளித்து, வலியோடு வருகிற மாநிறப் பிள்ளைகளை விடுமுறை முடிந்த வாரங்களில் பார்க்கிறேன்.

என் மனத்தை விட்டு நீங்காதவன் ஒரு பையன். கடற்கரையிலிருந்து திரும்பிய பின் அவன் கைகளில் கொப்புளமும், புறங்கையிலிருந்து முழங்கை வரை நீர் வழிந்த தடம் மாதிரி பழுப்புக் கோடுகளும் இருந்தன. சன்ஸ்கிரீன் ஒவ்வாமை என்று பெற்றோர் உறுதியாகச் சொன்னார்கள், டியூபையும் கொண்டுவந்திருந்தார்கள். அதைப் பூசிய கழுத்திலும் காலிலும் ஒரு புள்ளிகூட இல்லை. டாக்டர் அவனிடமே, "அன்னைக்கு என்னடா பண்ணே?" என்று கேட்டார். "எல்லாருக்கும் ஜூஸ் போட எலுமிச்சம்பழம் பிழிஞ்சேன்" என்றான். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் இப்படிப் பொத்துப்போகும்; கறை மறையப் பல வாரம், சில சமயம் மாதங்களும் ஆகும்.

நெய்தல்மகள், உங்கள் மகளுக்கு ஜிங்க் ஆக்சைடு அல்லது டைட்டானியம் டை ஆக்சைடு மட்டுமே உள்ள வகையைத் தேடுங்கள். அவை கண்ணை அவ்வளவாக எரிக்காது. நம் பிள்ளைகளின் நிறத்தில் வெளுப்பாகத் தெரியும், அதைப் பிள்ளைகள் விரும்பமாட்டார்கள் என்பதும் உண்மை. லேசான நிறம் சேர்த்த வகைகளும் கிடைக்கின்றன. முகத்துக்குக் குச்சி வடிவில் வருவதை வாங்கினால், புருவத்துக்கு மேலும் கன்னத்திலும் அவளே தேய்த்துக்கொள்ளலாம். தெளிப்பானை முகத்துக்கு நேரே அடிக்காதீர்கள். மூச்சில் போகும், கடற்காற்றில் பாதி வீணாகும். எஸ்.பி.எஃப். மட்டும் பார்த்தால் போதாது, தோலின் ஆழத்துக்குப் போகும் யூவி-ஏ என்ற புற ஊதாக் கதிருக்கும் காப்பு வேண்டும். அந்தக் காப்பைக் குறிக்கும் பி.ஏ. என்ற எழுத்துகளுக்குப் பின் கூட்டல் குறிகள் எத்தனை என்று பாருங்கள், நான்கு இருந்தால் நல்லது. புறப்படுவதற்குச் சில நாள் முன்பே முன்கையின் உட்பக்கத்தில் சிறிது பூசிப் பாருங்கள். கொசு விரட்டியும் பூசுவதாக இருந்தால் சன்ஸ்கிரீனை முதலில் பூசி உலரவிட்டு அதன் மேல் பூசுங்கள். டீட் என்ற கொசு விரட்டும் வேதிப்பொருள் உள்ள விரட்டி சன்ஸ்கிரீனின் திறனைக் குறைக்கும் என்பதால், மறுபடி பூசுவதில் இன்னும் கவனம் வேண்டும். இரண்டும் கலந்து ஒரே டியூபில் வருவதை வாங்க வேண்டாம், ஏனெனில் சன்ஸ்கிரீனை அடிக்கடி பூச வேண்டும், விரட்டியை அப்படிப் பூசக்கூடாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் டியூபை விட்டுவைக்காதீர்கள்.

தெம்பனீஸ் தந்தை, சிங்கப்பூர்:

தாய்லாந்தின் சிமிலன் தீவுகளுக்குப் படகு ஏறும் முன் வழிகாட்டிப் பெண் எங்கள் பையிலிருந்த சன்ஸ்கிரீன் பாட்டிலைக் கேட்டு வாங்கி, பின்பக்கப் பட்டியலை விரல் வைத்து வரிவரியாகப் படித்தார். ஆக்ஸிபென்சோன் என்ற பெயரில் விரல் நின்றது. "பவளப்பாறைக்கு ஆகாது, திரும்பி வரும்போது தருகிறேன்" என்று சொல்லி வைத்துக்கொண்டார். தாய்லாந்து 2021 ஆகஸ்ட் முதல் தன் கடல் தேசியப் பூங்காக்களில் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் உள்ளிட்ட நான்கு பொருள்களைத் தடை செய்திருக்கிறது. மீறினால் ஒரு லட்சம் பாட் வரை அபராதம். பலாவு நாடு 2020-இலும் ஹவாய் 2021-இலும் இத்தகைய சட்டங்களை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. கைக்குழந்தையோடு வந்த ஒரு குடும்பம் கோபப்பட்டு வாதாடியது. அந்தப் பெண் குரலை உயர்த்தாமல், படகிலிருந்த ஜிங்க் டப்பாவை நீட்டினார்.

செலவைப் பற்றிக் கேட்ட தென்காற்று அவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். முழுக்கை நீச்சல் சட்டையும், முழங்கால் வரை கால்சட்டையும், கழுத்தை மூடும் தொப்பியும் வாங்கிவிட்டால் கிரீம் தேவைப்படும் இடம் முகம், கைவிரல், பாதம் என்று சுருங்கிவிடும். துணிக்கான வெயில் காப்பு எண்ணான யூ.பி.எஃப். 50 என்று குறித்த துணி புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும்; நனைந்தவுடன் அழிந்துபோவதில்லை, அடுத்த ஆண்டு தம்பிக்கும் ஆகும்.

நெய்தல்மகள், சென்னை:

எல்லாருக்கும் நன்றி. ஜிங்க் குச்சியும் முழுக்கைச் சட்டையும் வாங்கப்போகிறேன். கறுத்துவிடுமே என்ற பேச்சை எங்கள் வீட்டிலும் எடுப்பதில்லை என்று தென்காற்று ஐயாவுக்குச் சொல்ல விரும்புகிறேன். செவிலி அக்கா, இன்னும் ஒன்று கேட்கலாமா? பழைய கிரீம் பட்ட வெள்ளைக் கவுனின் கழுத்தில் துருநிறக் கறை படிந்திருக்கிறது. துவைக்கத் துவைக்க இன்னும் அடர்த்தியாகிறது.

மதுரைச் செவிலி:

உங்கள் வீட்டில் போர் தண்ணீராக இருக்கும் என்று நினைக்கிறேன். பல சன்ஸ்கிரீன்களில் இருக்கும் ஏவோபென்சோன் என்ற பொருள் நீரிலுள்ள இரும்போடு சேர்ந்து துருநிறமாக மாறும். பிளீச்சிங் போடாதீர்கள், கறை இன்னும் ஏறும். எலுமிச்சைச் சாற்றைத் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டு, இரும்பில்லாத தண்ணீரில் அலசுங்கள். ஒருமுறையில் போகாவிட்டால் மறுபடி செய்யலாம். துணியைக் காயப்போட மாடிக்குப் போகும் முன் சாறு பட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.