எடிட்டரை மாற்றினால் ஏன் இவ்வளவு சண்டை?

கேள்வி: வலைத்தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில், பதிவு எழுதுவதற்கான புதிய எடிட்டராகக் கூட்டன்பர்க் வந்து இத்தனை வருடம் ஆகியும் அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். திறந்த மூல மென்பொருள்தானே, பழையது, புதியது இரண்டையும் வைத்து ஒரு செட்டிங் கொடுத்தால் முடிந்தது இல்லையா?

பதில் 1: அந்த ஒரு செட்டிங்தான் பிரச்சினையே. 'விருப்பங்களைக் குவிக்காதே, முடிவெடு' என்பது வேர்ட்பிரஸ்ஸை உருவாக்குபவர்களின் அறிவிக்கப்பட்ட கொள்கை. ஒவ்வொரு செட்டிங்கும் சோதிக்க வேண்டிய நிலைகளை இரட்டிப்பாக்கும், ப்ளக்இன் (கூடுதல் வசதி தரும் இணைப்பு நிரல்) எழுதுபவர் இரண்டுக்கும் எழுத வேண்டும், அந்தச் சுமை கேட்பவர் தலையில் விழாது. 2008-லும் ஒரே வருடத்தில் நிர்வாகப் பக்கத்தை இரண்டு முறை புரட்டிப்போட்டார்கள், மார்ச்சில் 2.5 பதிப்பு, டிசம்பரில் 2.7 பதிப்பு. இடப்பக்க மெனு 2.7-இல் வந்ததுதான்.

பதில் 2: கொள்கை எல்லாம் சரி. ஆனால் 2018 டிசம்பர் 6-ல் கூட்டன்பர்க்கோடு 5.0 பதிப்பு வெளிவந்தபோது கோபம் தோற்றத்தின் மேல் மட்டுமில்லை. திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்), விசைப்பலகை நம்பி எழுதுபவர்களுக்கு அது தயாரில்லை என்று, மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிகிறதா என்று பார்க்கும் வேர்ட்பிரஸ்ஸின் அணுகல்தன்மைக் குழுவே முன்கூட்டிச் சொல்லியும் வெளியிட்டார்கள். இதை ரசனைச் சண்டை என்று ஒதுக்க முடியாது.

பதில் 3: பிடிக்காதவர்கள் நிரலை எடுத்துக்கொண்டு கிளாசிக்பிரஸ் என்ற தனி மென்பொருளாகப் பிரிந்து போனார்களே. வேர்ட்பிரஸ்ஸே 2003-ல் பி2 என்ற வலைப்பதிவு மென்பொருளிலிருந்து பிரிந்ததுதான். பிரிவது சுலபம், பாதுகாப்புத் திருத்தங்களை வருடக்கணக்கில் தொடர்வதுதான் கஷ்டம்! அதனால்தான் பலர் பழைய எடிட்டரைத் திரும்பத் தரும் கிளாசிக் எடிட்டர் ப்ளக்இனோடு நின்றுவிட்டார்கள்.

கேள்வி கேட்டவர்: அப்போ நான் கேட்ட செட்டிங் ப்ளக்இனாக இருக்கிறது. சரி, அணுகல்தன்மைக் குழு எழுதியதைத் தேடிப் படிக்கிறேன்.