எபிஜெனெடிக் மருந்து: தமிழில் என்ன சொல்?

அன்புள்ள குழுவினருக்கு,
புற்றுநோய் மருந்தாய்வு ஒன்றின் ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்குகிறேன். திங்கள் காலை கொடுத்தாக வேண்டும். நோயெதிர்ப்புச் சிகிச்சையோடு எபிஜெனெடிக் மருந்தையும் (மரபணுவின் எழுத்தை மாற்றாமல் அதன் இயக்கத்தை மட்டும் மாற்றுவது) சேர்த்துத் தரும் ஆய்வு. முன்னதற்குச் சொல் இருக்கிறது. பின்னதற்கு ‘மேல்மரபியல் மருந்து’ என்று எழுதி வைத்திருக்கிறேன். சரிதானா?

* * *

> மேல்மரபியல்

புணர்ச்சி எங்கே போயிற்று? கல்லும் மலையும் கன்மலை. மேலும் மரபும் மேன்மரபு. ‘மேன்மரபியல்’ என்பதே சரி. கிரேக்க ‘எபி’க்கும் மேல் என்றே பொருள்.

* * *

புலவர் ஐயா, மேன்மக்கள் நினைவுக்கு வருகிறார்களே! உயர்குலத்தாருக்கான மருந்து என்று நோயாளி ஒதுங்கிவிடுவார்.

வகுப்பில் நான் ‘க’ எழுதி அதன் தலையில் புள்ளி வைத்துக் காட்டுவேன். எழுத்து அதேதான், அகரம் மட்டும் அடங்கிவிட்டது. மரபணுமேல் மெத்தில் என்ற சிறு வேதிக்குறி ஏறினாலும் இதேதான். ‘புள்ளிநீக்கி’ எனலாமே?

* * *

அழகு, டீச்சர். ஆனால் ஓலைச்சுவடிகளில் புள்ளியைப் பெரும்பாலும் காணமுடியாது. ஓலை கிழியும் என்று படியெடுப்பவர்கள் விட்டுவிடுவார்கள். பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டைத் தனி மடலில் எழுதுகிறேன்.

* * *

ஐயா வழிதவறிப் போய்ச் சரியான இடத்தில் நிற்கிறார். 2004இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அசாசிடிடின் என்ற எபிஜெனெடிக் மருந்து, இட்ட புள்ளியைத் துடைப்பதில்லை. செல் பிரியும்போது புதுப் படியில் புள்ளி வைக்கும் நொதியைச் சிக்கவைக்கிறது. புள்ளி குறையக் குறைய, நம் மரபணுத்தொகுதியில் உறங்கும் பழைய வைரஸ் துண்டுகள் வாய் திறக்கின்றன. வைரஸ் புகுந்துவிட்டதென்று செல் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தைச் சுரக்கிறது. 2015இல் ஆய்வகத்தில் கண்டது இது. அந்த நேரத்தில் பெம்ப்ரோலிசுமாப் போன்ற நோயெதிர்ப்புச் சிகிச்சை மருந்து, டி அணுக்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களின் கடிவாளத்தைத் தளர்த்தினால் கட்டி சிக்கும் என்பது எதிர்பார்ப்பு. நோயாளிகளிடம் உறுதிப்படவில்லை, அதனால்தான் ஆய்வு.

ஆனால் வோரினோஸ்டாட் என்ற இன்னொரு எபிஜெனெடிக் மருந்து எதையும் நீக்குவதில்லை. டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தில் ஒட்டிய அசிட்டைல் என்ற வேறொரு வேதிக்குறி நீங்காமல் காக்கிறது. ‘புள்ளிநீக்கி’ அதற்குப் பொருந்தாது.

* * *

கீமோ கீமோவாகவே வாழும்போது எபிஜெனெடிக்குக்கு மட்டும் எதற்கு வேட்டி?

* * *

நேரமாகிவிட்டது. ‘மேல்மரபியல்’ பக்கம் ஐந்து பேர், ‘எபிஜெனெடிக்’ பக்கம் இருவர். முன்னதைப் போட்டு அனுப்பிவிட்டேன். டீச்சரின் ‘க’வும் ‘க்’கும் விளக்கத்தில் இருக்கின்றன.

* * *

ஐந்து பேர் கைதூக்கினால் லகரம் னகரமாகாமல் நின்றுவிடுமா? மறுபதிப்பு வந்தால் சொல்லுங்கள்.