ஜெர்மன் கணவர், கைக்குழந்தை, பூட்டி வைத்த பாஸ்போர்ட்: ஊர் திரும்ப என்ன வழி?

செண்பகம் (கேள்வி)

சித்தி மகளுக்காகக் கேட்கிறேன். தஞ்சாவூர்ப் பெண், இந்தியக் குடியுரிமை. ஜெர்மன்காரரைக் கட்டிக்கொண்டு ஸ்டுட்கார்ட் பக்கம் போய் 2 வருஷம் ஆகிறது. 14 மாதப் பெண் குழந்தை, ஜெர்மன் பாஸ்போர்ட். அவளுடையது, குழந்தையுடையது என்று இரண்டு பாஸ்போர்ட்டையும் கணவர் பூட்டி வைத்திருக்கிறார். சித்திக்கு உடம்பு சரியில்லை. குழந்தையோடு ஒரு மாதம் வந்து போகக்கூட விடமாட்டேன் என்கிறார். "பிரிஞ்சா உன் விசாவை கேன்சல் பண்ண வைப்பேன், பிள்ளை இங்கதான் இருக்கும்" என்று மிரட்டல் வேறு. அடிதடி இல்லை. ஆனால் கையில் காசு கிடையாது, தனிக் கணக்கும் இல்லை, மொழியும் அரைகுறை. சொல்லாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடு என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள். செய்யலாமா?

வைகைக்கரை

செய்யவே கூடாது. கணவன் மனைவி இருவருக்கும் குழந்தை மேல் சம உரிமை. ஒருவர் சம்மதம் இல்லாமல் குழந்தையை வெளிநாடு கொண்டுபோய் வைத்துக்கொண்டால் ஜெர்மன் குற்றவியல் சட்டம் 235-ம் பிரிவு பாயும், 5 ஆண்டு வரை சிறை உண்டு. கணவருக்குச் சந்தேகம் வந்தாலே நீதிமன்றத்தில் தடை வாங்கி, எல்லைக் காவலில் குழந்தையின் பெயரைப் பதிய வைக்கலாம். 2023 மார்ச் முதல் இப்படி முன்கூட்டியே தரும் எச்சரிக்கை ஷெங்கன் நாடுகள் (தங்களுக்குள் எல்லைச் சோதனையைக் கைவிட்ட ஐரோப்பிய நாடுகள்) முழுக்கப் போகிறது. பிராங்பர்ட்டை விட்டு பாரிஸில் ஏறலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். குழந்தைக்கு இந்திய விசாவோ ஓ.சி.ஐ. அட்டையோ (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கான அட்டை) வாங்கவும் இரண்டு பேர் சம்மதமும் கேட்பார்கள்.

"இந்தியா ஹேக் ஒப்பந்தத்தில் இல்லை, வந்துவிட்டால் தப்பித்தோம்" என்றும் சொல்வார்கள். ஒரு பெற்றோர் வெளிநாடு கொண்டுபோன குழந்தையைத் திருப்பி அனுப்புவதற்கான அந்த 1980 ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை என்பது நிஜம். அதற்காக நம் நீதிமன்றம் தாய் பக்கமே நிற்கும் என்று அர்த்தமில்லை. பிரிட்டனிலிருந்து கோயம்புத்தூருக்குக் குழந்தைகளோடு வந்துவிட்ட ஒரு தாயின் வழக்கில், 2015-ல் உச்ச நீதிமன்றம் அந்நாட்டு நீதிமன்ற உத்தரவை மதித்து, விசாரணையைச் சந்திக்கத் திரும்பிப் போகச் சொன்னது. 2017-ல் இன்னொரு வழக்கில் வெளிநாட்டு உத்தரவைவிடக் குழந்தையின் நலனே முதன்மை என்று கூறி, தாயிடமே விட்டது. எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாத ஒன்றை நம்பிக் குழந்தையைப் பணயம் வைக்க முடியாது.

விசா மிரட்டலைப் பார்ப்போம். அவளுடைய வசிப்பிட அட்டையில் குறிப்பு என்று இருக்கும் இடத்தில் பொடி எழுத்தில் ஒரு சட்ட எண் இருக்கும். குடியிருப்புச் சட்டம் 28-ம் பிரிவு, எண் 1 என்றிருந்தால் மனைவி என்ற முறையில் கிடைத்த அனுமதி. 3 ஆண்டு சேர்ந்து வாழாமல் பிரிந்தால் அது ஆட்டம் காணும் (கொடுமை போன்ற கடும் நிலைமையில் விலக்கு உண்டு). கணவர் நம்பிப் பேசுவது இதைத்தான். ஆனால் அதே பிரிவில் எண் 3 இருக்கிறது: ஜெர்மன் குடியுரிமையுள்ள, அங்கே வாழும் குழந்தையை வளர்க்கும் தாய் அல்லது தகப்பனுக்கான அனுமதி. அதற்குக் கல்யாணமும் தேவையில்லை, வருமானமும் நிபந்தனை இல்லை. பிரிந்த உடனே வெளிநாட்டவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். குழந்தையின் பிறப்புச் சான்று, பாஸ்போர்ட் நகல், குழந்தை அவளோடு ஒரே விலாசத்தில் இருப்பதற்கான பதிவுச் சான்று முக்கியம்.

ரூர்க்கரைத் தமிழ்

தங்கச்சி, மேல சொன்னது முழுக்கச் சரி. ஜேர்மனியில இருந்து நடைமுறையைச் சொல்லுறன்.

பெரிய பிழை என்னெண்டால், சண்டை முத்தி, பிள்ளையை விட்டிட்டுத் தனிய வெளியேறுறது. "பிறகு வந்து கூட்டிக்கொண்டு போறன்" எண்டு நினைப்பினம். குடும்ப நீதிமன்றம் பிள்ளைக்குப் பழகின இடத்தையும் ஆர் பார்க்கிறதெண்டதையும்தான் முதல்ல பார்க்கும். 2 மாதம் தகப்பனோட இருந்திட்டால் அதுவே பழகின இடமாகிப் போகும். போறதெண்டால் பிள்ளையோட, அதே நாட்டுக்குள்ள. வீட்டைத் தனக்கு ஒதுக்கித் தரச் சொல்லியும் கேக்கலாம். வெளியேறினால், திரும்பி வர எண்ணம் இருக்கெண்டு 6 மாதத்துக்குள்ள சொல்லாட்டி வீட்டு உரிமை அவருக்கெண்டே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

116 016 எண்ட நம்பருக்கு எடுக்கச் சொல்லுங்கோ. பெண்களுக்கானது, இலவசம், 24 மணி நேரமும் இருக்கு, ஆங்கிலத்திலயும் கதைக்கலாம். அடி விழுந்திருக்கத் தேவையில்லை. காசில்லாமல் வைக்கிறது, பாஸ்போர்ட்டைப் பூட்டுறது எல்லாத்தையும் சொல்லலாம். எடுத்த நம்பரை போனில இருந்து உடன அழிக்கவேணும். பெண்கள் காப்பகத்தில பிள்ளையோட சேர்ப்பினம். அங்க போனால் விலாசப் பதிவு அலுவலகத்தில தகவல் தடை கேக்க மறக்கக் கூடாது. இல்லாட்டி அவர் ஒரு விண்ணப்பம் போட்டுப் புது விலாசத்தை எடுத்திடுவார்.

இப்பவே செய்யவேண்டியது: அட்டையின்ர இரண்டு பக்கம், கலியாணச் சான்று, பிள்ளையின்ர பிறப்புச் சான்று, அவரின்ர சம்பளச் சீட்டு எல்லாத்தையும் படமெடுத்து, அவருக்குத் தெரியாத புது மின்னஞ்சலுக்கு அனுப்பி வைக்கவேணும். பிள்ளையின்ர மஞ்சள் கொப்பியைக் கையோட எடுக்கவேணும். பிறந்ததில இருந்து குழந்தை டொக்டர் எழுதிற பரிசோதனைக் கொப்பி அது. ஒவ்வொரு முறையும் கூட்டிக்கொண்டு போனது தாய்தான் எண்டால் அதையும் வழக்கறிஞரிட்டச் சொல்லுங்கோ. வங்கிக் கணக்கு அவளின்ர பேரில திறக்கலாம். சாதாரண அடிப்படைக் கணக்கை 2016-ல இருந்து வங்கி மறுக்கேலாது. பிரிஞ்ச பிறகு அரசாங்கம் தாற பிள்ளைக் காசு (2025-ல மாதம் 255 யூரோ) பிள்ளை ஆரோட இருக்கோ அவைக்குத்தான். தகப்பன் பராமரிப்புக் காசு கட்டாட்டி யூகெண்ட்ஆம்ட் (பிள்ளையள் நல அலுவலகம்) முற்பணமாத் தரும். எங்கட சனம் அந்த அலுவலகத்தின்ர பேரைக் கேட்டாலே பயப்பிடுகினம். ஒளிக்காமல், மொழிபெயர்ப்பாளரோட போய்க் கதைக்கிறதுதான் நல்லது. விளங்காத ஒரு தாளிலயும் கையெழுத்து வேண்டாம், கணவர் கொண்டு வாறதிலயும்தான்.

வழக்கறிஞருக்குக் காசில்லையெண்டால் வட்டார நீதிமன்றத்தில ஆலோசனைச் சீட்டு வாங்கலாம். அதோட போனால் வழக்கறிஞர் கூடினது 15 யூரோதான் கேக்கலாம்.

செண்பகம்

நன்றி அண்ணா. பிரியாமலே ஒரு மாதம் சித்தியைப் பார்த்து வர வழி இருக்கிறதா? நிரந்தரமாகவே வந்துவிட நினைத்தால்?

வைகைக்கரை

இரண்டுக்கும் வழி இருக்கிறது.

அவளுடைய இந்திய பாஸ்போர்ட்டைக் கணவர் வைத்துக்கொள்ளவே கூடாது. முதலில் வழக்கறிஞர் கடிதம். அதற்கும் தராவிட்டால் போலீஸில் எழுதிக்கொடுத்து, அந்தத் தாளோடு மியூனிக்கில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் புதிதாகக் கேட்கலாம். மதத் (MADAD) என்ற இந்திய வெளியுறவு அமைச்சகக் குறைதீர்ப்பு இணையதளத்தில் புகார் பதிந்தால் தூதரகம் பதில் சொல்லியாக வேண்டும். குழந்தையின் பாஸ்போர்ட் வேறு கதை. 2019-ல் ஜெர்மன் உச்ச நீதிமன்றம், பயணத்துக்குத் தேவைப்படும் பெற்றோரிடம் அதை ஒப்படைக்க வேண்டும், ஆனால் கடத்திப் போவார் என்ற நியாயமான அச்சம் இருந்தால் மறுக்கலாம் என்றது. அதனால் "தூக்கிட்டு வந்துடறேன்" என்ற ஒரு வாட்ஸ்அப் வரிகூட அவளுக்கு எதிராகத் திரும்பும். வீட்டில் எல்லாரிடமும் இதைச் சொல்லுங்கள், குரல் செய்தியும் கூடாது.

ஒரு மாதப் பயணத்துக்கு மட்டும் கணவர் மறுத்தால், ஜெர்மன் குடிமைச் சட்டம் 1628-ம் பிரிவின் கீழ் அந்த ஒரு முடிவை மட்டும் தன்னிடம் தரும்படி குடும்ப நீதிமன்றத்தைக் கேட்கலாம். திரும்பும் டிக்கெட், சித்தியின் மருத்துவச் சான்று தமிழில் இருந்தால் ஜெர்மன் மொழிபெயர்ப்பு, தங்கும் விலாசம், தகப்பனோடு வீடியோவில் பேசும் நேரம் எல்லாம் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

நிரந்தரமாக என்றால், பிரிந்த பிறகு அதே சட்டத்தின் 1671-ம் பிரிவில் குழந்தை எங்கே வாழும் என்று தீர்மானிக்கும் உரிமையை மட்டும் தனியாகக் கேட்க வேண்டும். 2010-ல் மெக்சிகோ போக விரும்பிய ஒரு தாயின் வழக்கில் ஜெர்மன் உச்ச நீதிமன்றம் சொன்னது முக்கியம்: தாய் போகக்கூடாது என்று நீதிமன்றம் தடுக்க முடியாது. தாயோடு போவது குழந்தைக்கு நல்லதா, ஜெர்மனியில் தகப்பனோடு இருப்பது நல்லதா என்று மட்டுமே பார்க்கும். தகப்பனிடமிருந்து குழந்தையைப் பிரிக்கத்தான் போகிறாள் என்று தோன்றினால் எதிராகப் போகும். தஞ்சாவூரில் வீடு, குழந்தையைக் கவனிக்கும் ஆள், வருமானம், வருஷத்தில் எத்தனை வாரம் தகப்பனோடு, டிக்கெட் யார் எடுப்பது வரை எழுதிக் காட்டியவர்களுக்கே வாய்ப்பு.

கணவர் சம்மதித்தாலும் வாய்ச்சொல்லை நம்பி விமானம் ஏற வேண்டாம். அந்த உடன்பாட்டைக் குடும்ப நீதிமன்றத்திலேயே பதிய வைத்து, முத்திரை வைத்த நகலோடு கிளம்பச் சொல்லுங்கள்.