புதுப்பிப்பு: கன்டெய்னர் வந்து சேர்ந்துவிட்டது

வீட்டுக்குப் பின்னால் உள்ள காலி இடத்தில் சாமான்களை வைக்கப் பழைய கப்பல் கன்டெய்னர் வாங்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். வாங்கிவிட்டேன். 20 அடி நீளம், 8 அடி அகலம், எட்டரை அடி உயரம்.

"உள்ளே நின்று கதவைச் சாத்திப் பாருங்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருக்குக் கோடி நன்றி. முதலில் பார்த்த பெட்டி புது வண்ணத்தில் பளபளத்தது. கதவைச் சாத்தியதும் கூரை மூலையில் ஊசிமுனை அளவு வெளிச்சம். ஒளி வரும் வழியில் மழையும் வரும். இரண்டாவதில் கும்மிருட்டு, பக்கச்சுவரில் நசுங்கல் இருந்தாலும் அதையே எடுத்தேன்.

பாரம் முழுவதும் நான்கு மூலைகளில்தான் இறங்குகிறது. காலிப் பெட்டியே இரண்டு டன்னுக்கு மேல். கான்கிரீட் கட்டைகள் போட்டு ரசமட்டம் வைத்துப் பார்த்தும், ஒரு மூலை விரற்கடை தாழ்ந்து, வலது கதவு உரசி மூட மறுத்தது. ஜாக்கியால் தூக்கி இரும்புத் தகடு செருகிய பிறகுதான் தாழ்க்கம்பி இலகுவாகத் திரும்பியது. அந்தச் சத்தம் கேட்டபோது எவ்வளவு நிம்மதி!

இப்போதைய கவலை ஈரம். விடியற்காலையில் கூரையின் உட்புறம் முத்து முத்தாக வியர்க்கிறது. உள்ளிருக்கும் காற்றின் ஈரம் குளிர்ந்த தகட்டில் பட்டு நீராகிவிடுகிறது. ஏற்கெனவே உள்ள காற்றுத் துளைகள் மிகச் சிறியவை. எதிரெதிர்ச் சுவர்களில் பெரிய திறப்புகள் வெட்டப் போகிறேன். அதுவரை புத்தகப் பெட்டிகள் வீட்டுக்குள்ளேயே இருக்கும். தரைப் பலகைகளுக்குப் பெரும்பாலும் பூச்சிமருந்து ஏற்றியிருப்பார்கள் என்பதால் தானியம் எதையும் அதில் வைக்கப் போவதில்லை.